திருவிடந்தை மாலைக் கார்டு

நிறமில்லாத சின்னத் திரையும் பாம்பு விளையாட்டும் போய், கைப்பேசியில் வண்ணப் படங்கள் அசையத் தொடங்கிய காலம். ஆண்டுகளைச் சொல்வதில் நான் கொஞ்சம் கறார். அதனால் சொல்லிவிடுகிறேன்: 2007. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம். காலையில் நான் அலுவலகப் பேருந்தில் கிழக்கே, கடலோரத்து அணு ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போவேன். என் மனைவி ரயிலில் வடக்கே, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கித் தொழில் நகரத்துக்குப் போவாள். அங்கே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கைப்பேசி விளையாட்டுகள் செய்வது அவள் வேலை.

அவர்களுடைய விளையாட்டு ஒரு பேருந்துப் புதிர். திரையில் காலியான பேருந்து. கையில் ஆறு கார்டுகள். அநேகமாக ஒவ்வொரு கார்டும் ஒரு பயணி; அவர் இறங்கும் ஊரும் அவருடைய ஒரு தொந்தரவும் அதில் இருக்கும். யாரும் யாரையும் இடிக்காமல் எல்லாரையும் அவரவர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டால் வெற்றி. ஒரு கார்டை வைத்தால் புதிதாக ஒன்று கைக்கு வரும். வேண்டாத கார்டை வீசியும் விடலாம்.

கார்டுகளின் முதல் கட்டு நகரப் பேருந்தைப் பற்றியது. அதை வேறு யாரோ செய்திருந்தார்கள். இரண்டாவதான கடற்கரைக் கட்டை என் மனைவியிடம் ஒப்படைத்தார்கள். முழுவதும் அவள் கற்பனை. திங்கட்கிழமை அவளுடைய குழுத்தலைவர் ஆடிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் விளையாட்டுப் பிரிவையே மூடிவிட்டு, கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு அவளை மாற்றிவிடுவார்கள். சம்பளத்தில் குறைவிருக்காது. ஆனால் சாப்பிடும்போதுகூட விரலால் தட்டில் பேருந்து இருக்கைகளை வரைந்துகொண்டிருந்தவளை பில் போடும் திரைக்கு முன்னால் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சோதனைக் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள். "ஏனுங்க, பொண்டாட்டி செஞ்சதுன்னு பாக்காம குறை சொல்லோணும்" என்றாள். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் செங்கல்பட்டில் இல்லை.

மறுநாள் பேருந்தில், திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுவதற்குள் நான் மூன்று முறை தோற்றிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் சக ஊழியன்; முப்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. "இன்னா அண்ணாத்த, பஸ்ஸுலயே குந்திகினு பஸ்ஸு ஆட்டமா ஆடறே?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அலுவலக வாசலில் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டவன், மாலையில் திரும்பும்போதுதான் கொடுத்தான்.

அன்று மாலை அவளை உட்காரவைத்து என் விமர்சனத்தைச் சொன்னேன். முதலில், மீன்கூடைக்காரி கார்டு. பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நகரக் கட்டின் பலாப்பழக்காரருக்கும் அதேதான். படத்தை மாற்றினால் புதுக் கார்டு ஆகிவிடாது. அடுத்து சிற்பி. மடியில் கற்சிலையோடு வரும் அவரை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டால் ஒரு வரிசை முழுவதும் காலியாகிறது. அவர் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு பலம் ஒரே கார்டில் இருக்கக் கூடாது. பிறகு, பயணிக்குப் பதில் சாலையைக் காட்டும் சுங்கச்சாவடிக் கார்டு. அது வரும்போது ஓட்டம் கொஞ்ச நேரம் நிற்கிறது, அவ்வளவுதான். நின்று என்ன பயன்? தொண்ணூறுகளில் அந்தச் சாலை ஒற்றைப் பேருந்து போகும் அகலத்தில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கிடந்ததே, அப்படி ஒரு பழைய சாலைக் கார்டு வைக்கலாமே என்றும் கேட்டேன்.

"மீனு, சிற்பி ரெண்டும் செரிங்க. மாத்தறேன். பழைய ரோடு வேண்டாம். அது உங்களுக்குப் புடிக்கும், ஆடறவங்களுக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது.

"அப்புறம் அந்த மாலைக் கார்டு" என்றேன். "அது தப்பு."

அந்தக் கட்டு முழுவதிலும் அவளுக்கு மிகவும் பிடித்த கார்டு அது. திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் ஆக வேண்டி மாலையோடு போகும் இளைஞன். மாலை கசங்கக் கூடாது. கூட்டத்தில் யாரும் அவனை உரசக் கூடாது. திருவிடந்தையில் அவனை இறக்கிவிட்டால் கார்டு முடிந்துவிடும்.

"ஏன் முடியுது? மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டுப் பிரகாரம் சுத்துவாங்க. அப்புறம் அதை வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வருவாங்க."

"அங்கயே உட்டுட்டு வந்துருவாங்க. கோயிலுக்குப் பின்னால காஞ்ச மாலையா தொங்குச்சே, நானே பாத்தனுங்க!"

அவளைப் போலக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவாக அந்தக் கோயிலைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். "அது கல்யாணம் ஆனவங்க ஜோடியா கொண்டுவந்து கட்டினதும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நான் சக ஊழியனைக் கூப்பிட்டு, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"தம்பி, திருவிடந்தை மாலைய என்ன பண்ணுவீங்க?" என்று அவளே கேட்டாள்.

"அத்த இன்னாத்துக்கு அண்ணி கேக்கறீங்க? எங்க வூட்டு ஆணில காஞ்சிகினு கீது. அத்தப் பாக்க சொல்லோ எல்லாம் எங்கம்மா என்னியத்தான் திட்டும்."

"கோயில்லயே உட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"வுட்டுட்டு வந்தா கண்ணாலம் எப்டி ஆவும்? ஆன பொறவு அதே மாலைய எடுத்துகினு ஜோடியா போயி கட்டணும் அண்ணி. ஜோடிக்கு நான் எங்க போறது? எவளும் என் மூஞ்சியப் பாக்க மாட்றாளே!"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இணைப்பைத் துண்டித்த பிறகும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை கட்டை இறுதியாக்கிப் பூட்டிவிட வேண்டும் என்ற நேரத்தில் அவளுடைய நல்ல கார்டை உடைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவளோ, "அப்ப அந்த மாலை கையிலயேதான் இருக்கோணும்" என்றாள், என்னிடம் அல்ல.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எனக்குச் செய்யத் தெரியாது. இளைஞன் திருவிடந்தையில் இறங்குவான். உடனே மாலை மட்டும் தனிக் கார்டாக ஆடுபவர் கைக்குத் திரும்பி வரும். ஆறு இடங்களில் ஒன்றை அடைத்துக்கொண்டு எதற்கும் உதவாமல் கிடக்கும். எப்போதாவது, முன்கூட்டித் தெரியாத ஒரு கட்டத்தில், புதுமணத் தம்பதி கார்டு வரும். மாலையைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அவர்கள் பேருந்தில் ஏறுவார்கள். ஏறினால் மொத்தப் பேருந்தும் அவர்களுக்கு வழிவிடும், நெரிசல் தீர்ந்துவிடும்.

ஆடிப் பார்த்தேன். கடினமாக இருந்தது. "மாலையைத் தூக்கிப் போடாதேன்னு ஒரு வரி எழுதிக் காட்டிடு. இல்லாட்டி ஜனங்க வீசிடுவாங்க" என்றேன்.

"வீசட்டும். அப்பத்தான் அடுத்த தடவ வீச மாட்டாங்க."

திங்கட்கிழமை மாலை செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கே போய் நின்றேன். அவள் நடைமேடையில் இறங்கிவந்த வேகத்திலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. குழுத்தலைவர் முதல் ஆட்டத்திலேயே, இது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று மாலையை வீசினாராம். கொஞ்ச நேரத்தில் தம்பதி வந்து நின்றார்கள். மாலை இல்லை. பேருந்து நிரம்பித் தோற்றார். உடனே மறுபடி ஆடினார். மூன்றாவது ஆட்டத்தில் அவர் நாற்காலியைச் சுற்றி மற்றப் பிரிவுக்காரர்கள் நின்று, "மாலையைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார்" என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். பில் போடும் மென்பொருளைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த கட்டு எந்த ஊர் என்றுதான் கேட்டாராம்.

கட்டு வெளிவந்த பிறகு ஒருநாள், அலுவலகப் பேருந்தைத் தவறவிட்டு அரசுப் பேருந்தில் போனேன். முன் இருக்கையில் கல்லூரி மாணவி ஒருத்தி அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இதைச் செஞ்சது என் மனைவிம்மா" என்றேன்.

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்கதானா? ரெண்டு நாளா அந்த மாலையை வெச்சிகினு சாவறேன் சார். ரொம்ப பேஜாரா கீதுன்னு போய் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் வார்த்தை பிசகாமல் சொன்னேன். என் மனைவி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.