ரொட்டி அடுப்பில் இருபது போல்ட்

கானா நாட்டுக் குமாசி நகரின் சுவாமே பட்டறைப் பேட்டையில் அஃப்ராகோமாவைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. துருப்பிடித்த பம்பரைக் கொடுத்தால் முகம் பார்க்கிற மாதிரி முலாம் பூசித் தருவாள். அவளுடைய கிறுக்கும் பேட்டைக்கே தெரியும். முலாம் பூசிய போல்ட்டுகளைத் தட்டில் அடுக்கி, பக்கத்துத் தெரு டூஃபியேயின் ரொட்டி அடுப்பில் நாலு மணி நேரம் வேகவைப்பாள்.

"என்னக்கா, இன்னிக்குப் போல்ட்டுக்கு வெண்ணெயா, ஜாமா?" என்று வெல்டிங்காரர்கள் கத்துவார்கள்.

"கடிச்சுப் பாரு, பல்லு சொல்லும்!" என்று போய்க்கொண்டே இருப்பாள்.

கிறுக்காவது மண்ணாவது! தொழில் தொடங்கிய புதிதில் முலாம் பூசிய போல்ட் ஒன்றை வைஸ் இடுக்கியில் பிடித்து, நட்டு போட்டு இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை. முலாம் தொட்டியில் கிடக்கும்போது எஃகு ஹைட்ரஜன் வாயுவைக் குடித்துவிடும். மென்மையான இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும், கெட்டி எஃகு உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். பூசிய கையோடு சூட்டில் வைத்தால்தான் வாயு வெளியேறும். இல்லாவிட்டால் மேலே மினுக்கும், இறுக்கி மாட்டியபின் உள்ளே விட்டுப்போகும்.

அன்று வெள்ளிக்கிழமை. மினிபஸ் ஓட்டும் அம்பொன்சா சாயங்காலம் மலைமேல் இருக்கும் மாம்பொங்குக்கு, ஒரு சாவு வீட்டுக்கு ஆள் ஏற்றிப் போக வேண்டும். துக்கத்துக்குக் கருப்புத் துணி உடுத்திய பெரிய மனிதர்கள் பார்க்க வண்டி ஜொலிக்க வேண்டாமா? சக்கரத்துக்குப் புது போல்ட் இருபது வாங்கி முலாமுக்குக் கொடுத்திருந்தான். பதினொரு மணிக்கு அஃப்ராகோமா தட்டோடு போய் நின்றாள்.

"இன்னிக்கு எனக்கே ஆர்டர் தலைக்கு மேல இருக்குடி" என்றாள் டூஃபியே.

"நாலு மணி நேரம் மட்டும், தாயே."

"சரி சரி, வச்சுட்டுப் போ."

மூன்று மணிக்கு வந்து பார்த்தால் அடுப்புக்குள் ரொட்டி. தட்டு காலி.

"எங்கேடி போல்ட்டு?"

"மாவு பொங்கி வழிஞ்சுது, ஒரு மணிக்கே எடுத்து வெளிய வச்சேன். ரொட்டி வாங்க வந்த அம்பொன்சா அள்ளிட்டுப் போயிட்டான். ரெண்டு மணி நேரம் வெந்துச்சே, போதாதா?"

மாம்பொங் ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு பள்ளம். அஃப்ராகோமா பேச நிற்கவில்லை, ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே போனது. வண்டி நிலையத்தில் மினிபஸ் ஆள் நிரம்பி உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் போய் நின்று பானட்டை அறைந்தாள்.

"எறங்குங்க எல்லாரும்! டேய் அம்பொன்சா, பழைய போல்ட்ட மாட்டுடா!"

"அக்கா, மானத்த வாங்காத. நானே ஸ்பேனர்ல தொங்கித் தொங்கி இறுக்கியிருக்கேன், கல்லு மாதிரி நிக்குது."

"நிக்கும்டா. மலை ஏறுற வரைக்கும் நிக்கும்!"

"நேரமாச்சு, இந்தப் பொம்பளைய யாராவது நகத்துங்கப்பா!" என்று உள்ளேயிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

அவள் முன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏத்திட்டுப் போ!"

அம்பொன்சா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். கெஞ்சினான், திட்டினான், கும்பிடுகூடப் போட்டான். அவள் அசையவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். அவள் காதோரம் 'டக்'கென்று ஒரு சத்தம். போல்ட் ஒன்றின் நுனி, நட்டோடு தெறித்து அவள் மடியில் விழுந்தது. வண்டி நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தது.

அம்பொன்சா அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். முன் சீட்டில் அவனுடைய மகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவன் போய் ஸ்பேனரை எடுத்தான்.

துருப்பிடித்த பழைய போல்ட்டுகளோடு வண்டி கிளம்பிய பிறகுதான் அஃப்ராகோமா நடு நிலையத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அம்பொன்சா வேறு இருபது போல்ட் கொண்டுவந்தான். அவை அடுப்பில் இருக்கும்போதே டூஃபியேயின் மாவு பொங்கித் தொட்டியைத் தாண்டி வழிந்தது.

"அம்மா, மாவு போச்சும்மா!" என்று வேலைக்காரப் பெண்கள் அலறினார்கள்.

டூஃபியே அடுப்பு வாயை மறித்து முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றாள்.

ஒரு மூட்டை மாவு புளித்து வீணாய்ப் போனது. அதைப் பற்றி அவள் அஃப்ராகோமாவிடம் மூச்சே விடவில்லை.