நெஞ்சளவுக் குழி

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருளப்பன் அண்ணனுக்கு இரண்டு வேலை. நாள்தோறும் தேயிலைக்குள் புல் வெட்டுவார். யாராவது செத்துவிட்டால் குழி வெட்டுவார். குழி வெட்டும் நாளில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் தோட்டமே பேர் போடும், அதாவது முழு நாள் சம்பளம். எங்கள் அப்பா காலத்திலும் அப்படித்தான். தோட்டம் எங்களுக்குச் செய்த நல்லதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

அவர் வெட்டும் குழி நெஞ்சளவு இருக்கும். "கொறச்சு வெட்டுனா பன்னி தோண்டிரும்" என்பார். எங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பாறை தட்டினாலும் விடமாட்டார், அலவாங்குக் கடப்பாரையால் உடைத்து இறங்குவார்.

போன வருடம் தோட்டத்துச் செலவைக் குறைக்க கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஒவ்வொரு வேலைக்காரர் பின்னாலும் நடந்து, இந்த வேலையால் எத்தனை கிலோ கொழுந்து வருகிறது என்று கேட்டார்கள். குழி வெட்டும் பேச்சு வந்ததும் அவர்களில் பெரியவர், "மேகெ வாசியக் நெ" என்றார் சிங்களத்தில். இதில் இலாபம் இல்லையாம். சாவிலும் இலாபம் தேடிய புண்ணியவான்! அந்தப் பேரை நிறுத்தினார்கள். மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு முழுவதும் கிடையாது என்றும் ஆக்கிவிட்டார்கள்.

அடுத்து செத்தது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த சாள்ஸின் அம்மா. குழிக்கு ஆள் கேட்டபோது லயத்தில் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொன்னோம்.

"நீங்க எல்லாரும் பிரட்டுக்குப் போங்க, புள்ளகுட்டிக்காரங்க. நான் ஒத்தையா வெட்டிக்கிறேன்" என்றார் அண்ணன்.

அவர் மனைவி தங்கம்மா மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "நமக்கு மட்டும் வயிறு இல்லையா?"

"பொணத்த நடுவுல போட்டுக்கிட்டு சம்பளம் பேசச் சொல்றியா?"

அதற்குப் பிறகு எந்தச் சாவென்றாலும் அவர் ஒருவர்தான். காலையில் சங்கு ஊதியதும் பிரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் நிம்மதியாகப் போய்ப் பழகிவிட்டோம்.

வைகாசி மழையில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் மாதக் கடைசி. பின்னேரம் வந்து வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குக் கிளம்பினோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சீக்கிரமா வந்துருங்கப்பா" என்றார் மதினி. "இருட்டிட்டா ஆழம் வராது."

கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்து நாங்கள் இடுகாட்டுக்குப் போகும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. முழங்கால் அளவில் பாறை தட்டியது. அலவாங்கு எங்கள் கைக்கு வசப்படவில்லை. குழியில் மழைத்தண்ணீர் ஏறியது.

"போதும், இனி முடியாது" என்றார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் சுமன் கங்காணி.

"இன்னும் கொஞ்சம் எறங்குங்க தம்பி. அவரு யாருக்காச்சும் இப்பிடி வெட்டுனாரா?" என்றார் குழி ஓரத்தில் நின்ற மதினி.

அந்தத் தண்ணீரிலேயே அண்ணனை இறக்கி மண் தள்ளினோம்.

காலையில் பிரட்டுக்குப் போகிற பாதையில் மதினியைக் கண்டோம். கொழுந்துக் கூடையில் ஓடைக் கல்லைச் சுமந்து வந்து குழிமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டுப் பக்கம் மண் ஏற்கெனவே கிளறிக் கிடந்தது. எங்களைப் பார்த்தார், கூப்பிடவில்லை. சங்கு ஊதியது. புது மாதத்தின் முதல் நாள். நாங்கள் நடையை எட்டிப் போட்டோம்.