அரிசிக்குள் வண்டு வந்த வழி

மூடி இறுக்கமாக இருக்கிற டப்பாவுக்குள் வண்டு எந்த வழியாகப் போகிறது? மூன்றாம் வகுப்பில் எனக்கு இருந்த பெரிய கவலை இதுதான்.

நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கு மேலே ஒரே ஒரு கடப்பாக்கல் பலகை. அதில் அம்மா டப்பாக்களை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். பின்வரிசைக் கடலைப்பருப்பு வேண்டுமென்றால் முன்வரிசை முழுக்க இறங்கி வர வேண்டும். பருப்பில் காய்ந்த மிளகாய், அரிசியில் வேப்பிலை, ரவையை வறுத்து ஆறவைத்த பிறகே டப்பா என்று அம்மாவிடம் சட்டங்கள் நிறைய. அப்படியும் வண்டு வந்தது.

ஜன்னல் வழியாகப் பறந்து வருகிறது என்றார் அப்பா. மூடியைத் திறக்கிற நேரம் பார்த்து நுழைந்துவிடுகிறது என்பது அம்மாவின் கட்சி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. கடையிலிருந்து வந்த புது அரிசியில் ஒரு பிடி எடுத்துக் காலி ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகி, மேலே டேப்பும் சுற்றி, டிவிக்குப் பின்னால் வைத்தேன். பள்ளிவிட்டு வந்ததும் எட்டிப் பார்ப்பேன். அரிசி அரிசியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கொடைரோடு பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து ஒரு துணிப்பையும் ஒரு துவரம்பருப்பு மூட்டையும் இறங்கின. மாமா வரவில்லை.

"நான் களையெடுத்து, நான் அறுத்து, நானே உடைச்ச பருப்பு மதினி. அங்க விட்டுட்டு வர மனசு வரல" என்றாள்.

அம்மா மூட்டையைப் பார்த்தாள். பிறகு சமையலறையைப் பார்த்தாள். மூட்டை சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் அதைத் தாண்டாமல் யாரும் அடுப்புக்குப் போக முடியவில்லை. அம்மா தினமும் அதில் கால் இடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி டப்பாவைத் திறந்தால் கறுப்பாக ஊர்ந்தது.

"இந்த மூட்டை வந்ததுலருந்துதான் இம்புட்டு வண்டு" என்றாள் அம்மா. "நம்ம சாமானை வைக்கவே இங்க எடமில்ல."

அத்தை முறத்தை எடுத்தாள். அரிசியை மாடிக்குக் கொண்டுபோய்ப் புடைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்தாள். பிறகு சேலைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற அத்தை?"

"ஊருக்குத்தான் தாயி. செத்த நேரத்துல பஸ் வந்துரும்."

போவதற்குள் என் பாட்டிலை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அத்தை வந்ததிலிருந்து எட்டிப் பார்க்கவே மறந்திருந்த அதை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்தவள் கத்தியே விட்டேன். கண்ணாடியில் வண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அம்மா! வண்டு வெளிய இருந்து வரல! கடையிலருந்து அரிசியோடவே வந்துருக்கு!"

அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப் சுற்றியது சுற்றியபடியே இருந்தது.

"இதை எப்ப வச்ச?"

"அத்தை வாரதுக்கு முன்னாடியே."

அம்மா பாட்டிலை என் கையில் கொடுத்தாள். பிறகு முன்வரிசை டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். இருப்பதிலேயே பெரிய எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து துடைத்தாள். மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டு, அத்தையின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"வந்து பிடி. ஒத்தையில நான் எப்படிக் கொட்டுறது?"

தோளில் பையோடு அத்தை வந்து பிடித்தாள். பருப்பு சரசரவென்று விழுந்தது. அத்தையின் கண்ணிலிருந்தும் சொட்டியது. வண்டு கடித்துவிட்டதா என்று கேட்டேன்.

அப்புறம் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். என் கண்டுபிடிப்பைத்தான் சொல்லப்போகிறாள் என்று நெருங்கிப்போய் நின்றேன்.

"வரும்போது ஒரு தலகாணி வாங்கிட்டு வாங்க. நல்ல பஞ்சா பாத்து வாங்குங்க, உங்க தங்கச்சிக்கு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்த நாளில், அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், எதற்காகப் போயும் போயும் ஒரு தலையணையைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.