எழுபத்திரண்டு விலாசங்கள்

சென்ற வாரம் சிம் கார்டு மாற்றுவதற்காக எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கைரேகைக் கருவியில் இடக்கைச் சுட்டுவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. நடுவிரல்... சிவப்பு. மோதிரவிரல்... அதுவும் சிவப்பு. கடையில் இருந்த பெண் என் விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னாம்மா, வெரலெல்லாம் காச்சுப் போயிருக்குது? தறி வேலையா?”

“கிட்டார்.”

“யாரு... நீங்களா?”

வலக்கையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்திலிருந்த ஐயம் நான் படியிறங்கும் வரை தீரவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில், தமிழாசிரியை ஒருத்தி, கற்பிப்பவர் எவருமின்றிக் கிட்டார் பழக வேண்டிய அவசியம் என்ன? நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் பெர்னதெத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெர்னதெத் எங்கள் பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியை. ஆசிரியர் அறையில் இருபது ஆண்டுகளாக என் பக்கத்து நாற்காலி. வீடு கருவடிக்குப்பத்தில். கோயில் பாடகர் குழுவில் உச்ச வரிகள் எல்லாம் அவளுக்குத்தான். சென்ற ஆண்டு தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. நோய் போயிற்று, குரலிலும் பாதி போயிற்று. எஞ்சிய பாதி, பழைய இடத்தைவிட்டு வெகுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதுவாவது ஓரிடத்தில் உட்கார்ந்ததா? இன்று ஒரு படி, நாளை வேறொரு படி. இனி இதுதான் உங்கள் குரல் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதையும் ஏற்றுக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள். அங்கே கீபோர்டு வாசிக்கும் ஸ்டீபன் வங்கியில் பணிபுரிபவர், நல்ல மனிதர், எதையும் உரக்கச் சொல்லியே பழகியவர். சுருதியை இறக்குவதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டு, பதினைந்து பேர் காதிலும் விழும்படி அறிவித்தார்:

“அக்காவுக்காக மூணு எறக்கியிருக்கேன். எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!”

பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிவோடுதான் பார்த்தார்கள்... பரிவு சில வேளைகளில் எவ்வளவு கனக்கிறது! பெர்னதெத் அதன்பின் ஒத்திகைக்குப் போகவில்லை.

அவளுக்கும் பிலிப்புக்கும் மணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறையும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைய நன்றிப் பூசையில் நற்கருணைப் பாடலைத் தானே பாட வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை.

“அதெல்லாம் இனிமே எதுக்குடி? எவனாவது பொத்தான அமுக்குவான், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க” என்றாள் ஒரு நாள், விடைத்தாள் கட்டை அவிழ்த்தபடி.

“நீ பாடு. நான் வாசிக்கிறேன்.”

“நீ என்னாத்த வாசிப்ப?”

“கிட்டார்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கலாம்; அவள் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே, ஒருவருக்கும் அறிவிக்காமல், இறங்கிவிடலாம். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். கிட்டாரை அதுவரை கையால் தொட்டதில்லை என்பது அந்த நொடியில் ஒரு தடையாகத் தெரியவில்லை. பூசைக்கு நான்கு மாதங்கள் இருந்தன.

பாடநூல் ஒன்று, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்று. இவைதாம் என் குருகுலம். கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்கிறார்கள். வீணைக்காரர்கள் அதை மெட்டு என்பார்கள். இருக்கின்ற சொல்லை விடுவானேன்? நானும் மெட்டு என்றே எழுதுகிறேன்.

சிறுவயதில் எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் பாடியவள் நான். ஆகவே முதல் நாளே ஒரு பெருந்தவறு செய்தேன். தவறென்று அறியாமலே செய்தேன். தந்தியைத் தொடாமல் மீட்டினால் எழும் ஒலியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டேன். ஐந்தாம் மெட்டில் மத்திமம், ஏழாம் மெட்டில் பஞ்சமம், பன்னிரண்டில் மேல் சட்ஜம். அடடா, எவ்வளவு ஒழுங்கு! ஆறு தந்திகளிலும் அதே கணக்கு. இரண்டே வாரத்தில் எந்தத் தந்தியிலும் சரளி வரிசை வாசித்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருவடிக்குப்பம் போனேன்.

“சரி... எங்க, ஒரு ஸோல் குடு” என்றாள் பெர்னதெத். பள்ளி நாளில் கன்னியாஸ்திரீகளிடம் தோ-ரே-மி-ஃபா-ஸோல்-லா-ஸி என்று மேலைநாட்டுச் சுரங்களைப் படித்தவள்.

“எந்தத் தந்தியில?”

“இது என்னாடி கேள்வி? ஸோல் எங்க இருந்தாலும் ஸோல்தானே!”

ஆறாம் தந்தியில் பஞ்சமத்தைத் தொட்டேன்.

“அது ஸி.”

ஐந்தாம் தந்திப் பஞ்சமம்.

“அது மி.”

நான்காவது.

“அது லா. ஸோல் கேட்டா ஊரெல்லாம் சுத்திக் காட்டுறியே!”

உள்ளறையிலிருந்து பிலிப்பின் குரல் வந்தது: “மேடம், கிட்டாருக்கு ஜுரமா? ஒரே முனகலா இருக்குதே!”

வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது. எனக்குச் சுரம் என்பது உறவுமுறை. பெர்னதெத்துக்கோ அது விலாசம். நான் அத்தை என்று அழைப்பவரை வேறொருவர் அம்மா என்று அழைப்பார். கதவிலக்கம் மட்டும் யார் கேட்டாலும் மாறாது. நான் ஆறு தந்திகளில் ஆறு குடும்பங்களை வளர்த்து வைத்திருந்தேன். ஒரு குடும்பத்தை இன்னொன்றுக்குத் தெரியாது. நாளுக்கொரு சுருதியில் பாடப்போகிறவளுக்கு இதை வைத்துக்கொண்டு நான் எப்படித் துணை போவது?

குறுக்குவழிகளை முயலாமல் இல்லை. கேப்போ என்றொரு கவ்வி விற்கிறார்கள். கிட்டாரின் கழுத்தில் மாட்டினால் சுருதி ஏறும். ஏற மட்டுமே ஏறும். எனக்கு வேண்டியதோ இறங்குவது. தந்திகளைத் தளர்த்திப் பார்த்தேன், துணிக்கொடிபோல் தொய்ந்தன. மெட்டுகளில் பெயர் எழுதிய தாள்களை ஒட்டினேன்; ஒரு வாரம் சுகமாக வாசித்தேன். ஆனால் கண் படித்ததே தவிர விரல் எதையும் கற்கவில்லை. உரித்து எறிந்தேன்.

ஒருவரை மேலே ஏற்றிவிட எத்தனையோ கருவிகள் கிடைக்கின்றன. அவர் இருக்குமிடத்துக்கு இறங்கிப் போவதற்குத்தான் நாமே பாடுபட வேண்டியிருக்கிறது.

பாடுபட்டேன். பன்னிரண்டு சுரங்கள், ஆறு தந்திகள்: மொத்தம் எழுபத்திரண்டு இடங்கள். மேளகர்த்தா ராகங்களும் எழுபத்திரண்டுதானே என்று ஒரு நாள் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியால் ஓர் இடம்கூட மனப்பாடம் ஆகவில்லை. நாளொன்றுக்கு ஒரு சுரம் என்று வைத்துக்கொண்டேன். இன்று ஸோல் என்றால், ஆறு தந்திகளிலும் ஸோல் இருக்கும் ஆறு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது ஒரு தந்தியின் பெயர்களை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டே போவேன். எதிரே வருபவர்கள் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

பிழைப்பட்டியல் ஒன்றும் எழுதிவந்தேன். அதில் முக்கால் பங்கு இரண்டாம் தந்தியின் பிழைகள். காரணம் உண்டு. ஒரு தந்தியின் ஐந்தாம் மெட்டில் பிறக்கும் ஒலியே அடுத்த தந்தியைத் தொடாமல் மீட்டினால் எழும் ஒலி. எல்லாத் தந்திகளும் இதற்குக் கட்டுப்படும். மூன்றாம் தந்தி மட்டும் நான்காம் மெட்டிலேயே இரண்டாம் தந்தியைத் தொட்டுவிடும். இலக்கணம் படித்தவளுக்குப் புறனடை புதிதா என்ன? ஆனாலும் அந்த ஒற்றை மெட்டின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. விடவில்லை. பட்டியல் மூன்று பக்கத்திலிருந்து ஒரு பக்கமாயிற்று. பிறகு அரைப் பக்கம்.

வாரந்தோறும் பெர்னதெத் வீட்டில் பாடிப் பார்த்தோம். அவள் குரல் ஏறும், இறங்கும். நான் பின்னாலேயே போவேன். முதலில் அரை நிமிடத் தேடலோடு, பிறகு பத்து நொடியில்.

பூசை நாளும் வந்தது. கோயில் நிறைய உறவினர்கள். நற்கருணை வழங்கத் தொடங்கும் நேரம் பெர்னதெத் என் காதருகே குனிந்தாள்.

“மீனா... கொரல் படுத்துக்குச்சுடி. முந்தாநாள் இருந்த எடத்துல இல்ல.”

“முனகிக் காட்டு.”

முனகினாள். பழகிய இடத்திலிருந்து இரண்டு படி கீழே. கீபோர்டின் பின்னாலிருந்து ஸ்டீபன் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, ஏதாவது எறக்கணுமா?”

முன்வரிசையில் சில தலைகள் திரும்பத் தொடங்கின. பெர்னதெத்தின் விரல்கள் என் முழங்கையில் இறுகின. இன்னும் ஒரு நொடி போனால் அவள் இருக்கைக்குத் திரும்பிவிடுவாள் என்று தெரிந்தது.

“வேணாம் சார். இருக்கட்டும்” என்றேன்.

ஆறாம் தந்தியில் அவள் முனகிய சுரத்தின் விலாசத்தை விரல் நேரே போய்த் தொட்டது. அதே மெட்டில் அடுத்த தந்தி மத்திமம். இரண்டு மெட்டு தள்ளிப் பஞ்சமம். உறவுமுறைகள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் வலு என் சுட்டுவிரலுக்கு இன்னும் வரவில்லை. மும்மூன்று தந்திகளே போதும் என்று மீட்டினேன்.

அவள் பாடினாள்.

மூன்றாம் வரியில் இரண்டாம் தந்தி காலை வாரிவிட்டது. பெர்னதெத் ஒரு மூச்சளவு நின்றாள். நான் ஒரு மெட்டு நகர்ந்தேன். அவள் தொடர்ந்தாள். பழைய குரலில்லை அது. உச்சத்துக்குப் போய் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கும் குரலில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல். முன்வரிசையில் பிலிப் கைக்குட்டைக்காகக் கோட்டின் எல்லாப் பைகளையும் துழாவிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஸ்டீபன் என்னிடம் விரைந்து வந்தார்.

“சூப்பர் மேடம்! அக்கா என்னமா பாடுனாங்க! எந்தக் கீ அது? எத்தன எறக்குனீங்க?”

உரக்கத்தான் கேட்டார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கு நடுவே நின்ற பெர்னதெத் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாட்டு நல்லா இருந்துச்சா சார்?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்.”

“அப்ப சரி.”

எந்தச் சுருதி என்று அவரிடம் சொல்லவில்லை... உங்களிடமும் சொல்வதாக இல்லை.