ஏழுக்கு முன்னால் ஒரு மூச்சு

லண்டன் கோலியர்ஸ் வுட்டில், அன்ரி வீட்டு முன்னறையில் அன்றைக்கு இருந்தது மூன்று பேர். அன்ரி, லூயிஷாமிலிருந்து வந்த, என்னோடு வேலைசெய்யும் அண்ணை, நான். அன்ரியின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, இல்லை. அவ செத்துப் பதினொரு மாதம். ஆனால் அந்த அறையில் கதைத்துக்கொண்டிருந்தது அவதான்.

அன்ரி போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தா.

"வணக்கம். உங்கள் கண் பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அறை இலக்கம்..." சின்னதாக ஒரு மூச்சு. "ஏழு."

"இது நான் குளிக்கேக்க வந்து பதிவானது," என்றா அன்ரி. "முதல் தரம் நானேதான் எடுத்தனான். 'பிள்ளை, எங்கயிருந்து கதைக்கிறாய்?' எண்டு கேட்டன். 'ஒன்றை அழுத்தவும்' எண்டாள். தடவிப் பாத்து அழுத்தினன். 'நன்றி' எண்டு வைச்சிட்டாள். சின்னனிலயும் அப்பிடித்தான், போனில நிண்டு கதைக்கமாட்டாள்."

அண்ணை சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதைப் பதிந்தவன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. ஊரிலிருந்து சித்தி அனுப்பும் மெசேஜை, நான் வேலையால் வரும்வரைக்கும் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பா. கம்ப்யூட்டர் படித்ததும் நான் செய்ய ஆசைப்பட்டது, தமிழை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள். அண்ணையும் நானும் ஷிப்ட் இல்லாத நேரங்களில் எழுதினோம். குரல் கொடுத்தது அக்கா. அன்ரியின் கண் மங்கிக்கொண்டு போனதால் அவவுக்கும் அது அவசரம். எதிரொலி விழாமலிருக்க அலுமாரிக்குள், குளிர்கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தா. எண்களைப் பதிந்த அன்று அவவுக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. ஏழுக்கு முன்னால் மூச்சு வாங்கிவிட்டா.

"திரும்ப எடுப்பமோ?"

"விடு தம்பி. ஒரு ஏழுக்காக என்னை ஆர் பிடிக்கப்போறாங்கள்?"

குரலோடு சேர்த்து மென்பொருளை இணையத்தில் இலவசமாக வெளியிடும்போது ஓர் உரிமம் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. எடுத்து மாற்றுகிறவர்கள் தங்கள் மாற்றத்தையும் எல்லாருக்கும் திறந்து கொடுக்க வேண்டும் என்பது ஒரு வகை. யாரும் எடுக்கலாம், பூட்டி விற்கலாம், ஒன்றும் திருப்பித் தரத் தேவையில்லை என்பது இன்னொன்று. அண்ணை முதலாவதைத்தான் கேட்டார். அக்கா விடவில்லை. "குடுக்கிறதெண்டால் குடுங்கோ. குடுத்துப்போட்டுப் பின்னால போய்ப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ." இரண்டாவதை நான் தெரிவுசெய்தேன். மூன்றாம் வருடம் அக்காவின் நுரையீரல் கெட்டுப்போனது. கடைசி மாதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்செடுத்தா.

அதற்குப் பிறகு அன்ரிக்கு வந்த மெசேஜ், பேப்பர், பூசை அறிவித்தல் எல்லாம் மடிக்கணினியில் அக்காதான் வாசித்தா. மூச்சு முட்டாத அக்கா.

"டேய், நான் அப்பவே சொன்னனான்," என்றார் அண்ணை, போனைக் காட்டி. "ஆரோ ஒரு கம்பனி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வித்திட்டுது. ஆரும் எடுக்கலாமெண்டு போட்டது நீதானே?"

கம்பனி எதுவென்று தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். இந்தக் குரல் யாருடையது என்று எங்காவது ஒரு வரி போடுங்கள், அவ்வளவுதான் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்களை மதிப்பார்கள் என்று நினைத்து, எங்கள் மென்பொருள் எப்படி ஒரு சொல் முடிய முதலே அடுத்த சொல்லின் ஒலியைப் பார்த்து இரண்டையும் ஒட்டுகிறது என்று, பரீட்சைக்கு விடை எழுதுவது போலப் படம் கீறி மூன்று பக்கம் விளக்கினேன்.

பதில் அவர்களுடைய சட்டத்தரணிகளிடமிருந்து வந்தது. குரலை எடுக்க எங்கள் உரிமமே அனுமதி தந்திருக்கிறது. ஆனால் நான் படம் கீறிய அந்த ஒட்டும் முறைக்குக் காப்புரிமை அவர்களிடம். அதை நிறுத்தி, கையெழுத்திட்டு உறுதி தர வேண்டும்.

டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஊர்ச் சட்டத்தரணி அம்மா ஒருவரிடம் போனோம்.

"நாங்கள் களவெடுக்கேல்லை," என்றேன். "நாங்களாவே கண்டுபிடிச்சது."

"பாத்து எழுதினதோ எண்டு கேக்கிறது பதிப்புரிமை. காப்புரிமை அதைக் கேக்காது. தனியக் கண்டுபிடிச்சாலும் முதல் பதிஞ்ச ஆளுக்குத்தான்." கண்ணாடியைக் கழற்றினா. "வழக்காடி வெல்லவும் ஏலும். அதுக்கு ஒரு வீடு விக்கவேணும். வீடு இருக்கோ?"

"வாடகை வீடுதான் அம்மா," என்றார் அண்ணை. "அதை விக்க விடுவினமோ?"

கையெழுத்துப் போட்டோம். ஒட்டும் பகுதியை அணைத்துப் புதிய பதிப்பை விட்டேன். அது எல்லாக் கணினிகளுக்கும் தானாகவே போனது, அன்ரியுடையதுக்கும்.

அடுத்த ஞாயிறு அண்ணையோடு போனபோது அன்ரி மடிக்கணினிக்கு முன்னால் ஆடாமல் இருந்தா. யாழ்ப்பாணத்தில் மழை என்று ஒரு செய்தி. அக்கா வாசித்துக்கொண்டிருந்தா. ஒரு சொல். நிறுத்தம். ஒரு சொல். நிறுத்தம்.

"தம்பி," என்றா அன்ரி, என் பக்கம் திரும்பாமல். "ஏன் பிள்ளைக்குத் திரும்ப மூச்சு முட்டுது?"

கடைசி மாதம் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்ட அதே இடைவெளி. நிரலில் ஒரு பகுதியை அணைத்ததற்கு அப்படி ஆகும் என்று நான் யோசிக்கவேயில்லை.

"பழையதைப் போட்டுவிடு," என்று அண்ணை காதுக்குள் சொன்னார். "ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

"சைன் பண்ணியிருக்கிறன் அண்ணை. இந்தக் கணினியும் அதுக்குள்ள வரும்."

அன்ரிக்கு அது கேட்டுவிட்டது. "போட்ட கையெழுத்துப் போட்டதுதான். அவளை நிப்பாட்டு, பாவம் களைக்கிறாள்." நிறுத்தினேன். அன்ரி போனைத் தடவி எடுத்து, "போனில எடுக்கிறவளுக்கு முட்டு இல்லையே. அவளைக் கூப்பிட ஏலாதோ?" என்றா.

ஏலும். அந்தக் கம்பனி அதே குரலில் வாசிக்கும் போன் செயலி ஒன்றை விற்கிறது. அன்ரியின் போனில் நானே இறக்கினேன். பட்டனைத் தட்டியதும் அக்கா தெளிவாக, இடைவெளியில்லாமல், "வணக்கம். உங்களை வரவேற்கிறோம்," என்றா. அன்ரி ஸ்பீக்கரைக் காதோடு பிடித்துக்கொண்டா.

"மாதக் கட்டணம்..."

மூச்சு.

"ஏழு பவுண். சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

"அழுத்து," என்றா அன்ரி.

சட்டத்தரணி அம்மாவுக்குக் கொடுத்தது இருநூற்று நாற்பது பவுண். அதற்குப் பிறகு, மாதம் ஏழு.