நாலு நிமிஷம் மிச்சம்

சூசைராஜ் போய்விட்டார் என்று அவர் மனைவி மேரி போன் செய்தபோது பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாப்பழத்தை அணைத்தபடி நின்றிருந்தேன். அதில் பாதி அவருக்கென்று வாங்கியது. நெய்வேலி பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை.

சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் ஒரே பெல்ட்டில் இருவருக்கும் வேலை. டவுன்ஷிப்பில் எதிரெதிர் குவார்ட்டர்ஸ். இருவருக்குமே கேசட் சேர்க்கும் பைத்தியம். என்னிடம் இருந்ததைப் போல இரண்டு மடங்கு அவரிடம் இருந்ததில் எனக்கு வயிற்றெரிச்சல். அதை நான் மறைத்ததும் இல்லை.

ஆனால் சேர்க்கத் தெரியுமே தவிர கேட்கத் தெரியாத மனுஷன் என்று பிளாக் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நாதஸ்வரம் உருகி வரும் நேரம் பார்த்து வாசலில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, "சூசைண்ணே, ஒரு பாரம் எழுதித் தரணுங்க" என்பார். இவர் பட்டென்று நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்.

"யோவ், ஒரு பாட்டையாவது முழுசா கேளுய்யா."

"பாட்டு எங்கியும் போவாது சேகரு. வந்த ஆளு போயிடுவான். ரிட்டயர் ஆனதும் எல்லாத்தையும் உக்காந்து கேட்டுக்கினே இருப்பேன் பாரு."

ரிட்டயர் ஆனார். வாசலில் ஆள் கூடியதுதான் மிச்சம்.

அவருடைய கேசட்டுகளின் மேல் 'பி.டி. 214' என்பதுபோல எழுதியிருக்கும். பி.டி. என்றால் பிரேக்டவுன், பெல்ட் நின்றால் லாக் புக்கில் நாங்கள் எழுதுவது. பிளேயரின் டேப் ஓட்டத்தைக் காட்டும் கவுன்ட்டரில் அந்த எண் வரும் இடத்தில் டேப் பழுது போலிருக்கிறது என்று நினைத்து, அவற்றை நான் இரவல் கேட்டதே இல்லை. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள் மேரி அலமாரியைத் திறந்துவிட்டார். "ஒங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்கங்கண்ணே." ஒரு டப்பாவைத் திறந்தேன். உள்சீட்டில் அவர் கையெழுத்து: '214. முனியம்மா மகன், காலேஜ் பாரம்.' அடுத்ததில், 'தண்டபாணி, ஆஸ்பத்திரி.' பழுதான டேப் ஒன்றுகூட இல்லை. லாக் புக் எழுதிப் பழகிய கை, பாட்டு நின்ற இடத்தையும் நின்ற காரணத்தையும் வீட்டிலும் எழுதி வைத்திருக்கிறது. மிச்சத்தைக் கேட்க நினைத்துத்தான் எழுதினார்.

என் பெயரும் இருக்குமோ என்று தேடியபோது அது கிடைத்தது. 'பி.டி. 317. சேகர் அம்மா, ரத்தம்.'

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ரத்தம் வேண்டுமென்று நான் போன் செய்ததும் ஸ்கூட்டரில் வந்து நின்றவர் அவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அந்த நேரத்திலும் நான் அதைக் கிண்டல் செய்தேன். இப்போது அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஒரு கேசட்டை மட்டும் எடுத்து வந்து, 317-லிருந்து ஓடவிட்டேன். பாட்டு முடிய நாலு நிமிஷம்தான் இருந்தது. அவர் அதைக் கேட்டு முடித்துவிட்டு வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தாள். சூசைராஜ் கேட்காமல் விட்ட அந்த நாலு நிமிஷம் என்னிடம் இருக்கிறது.