இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது

கொடைக்கானலில் நரம்பு கிடைப்பது கஷ்டம். கீழே மதுரையில் வேலை பார்க்கும் நர்சுகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கென்ன, வெயிலில் நடந்து வருகிறவர்களின் கையில் நரம்பு தானாகவே புடைத்துக்கொண்டு நிற்கும். இங்கே டிசம்பர் காலையில் வருகிற நோயாளியின் கையைத் தொட்டால் ஐஸ்தான். வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துச் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, பத்து நிமிடம் ஊர்க்கதை பேசி, அதன் பிறகுதான் நரம்பில் மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியைப் பிரிக்கவே வேண்டும். மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் நான் பிரதர்.

என் மனைவியும் நர்ஸ்தான். அதே வார்டில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு சட்டம் போட்டதும் அவள்தான். ஒரு நோயாளியை ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது. இரண்டு முறையும் நரம்பு கிடைக்கவில்லை என்றால் ஊசியை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். சீனியர், ஜூனியர் என்ற பேச்சே கிடையாது. “ரெண்டு தடவ தோத்த கை மூணாவது தடவ கோவத்துலதான் குத்தும்” என்பாள்.

அந்தச் சட்டத்தால் பலன் அடைந்தவன் நான். அவளுக்கு நரம்பு கிடைக்காத நாளெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டாள். என்னைப் பார்ப்பதற்காகவே தோற்கிறாளோ என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேவிட்டேன். “நோயாளி கையில யாராவது வெளையாடுவாங்களா? உங்க நெனப்பப் பாரு” என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையைச் சேர்ந்தே எழுதினோம். அவள் பாஸ். நான் பேச்சில் தப்பித்து எழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும். நேரில் கண்ட நோயாளியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். காகிதத்தில் கண்ட நோயாளிக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடியும் அதே இடத்தில் போயிற்று. அவள் மட்டும் இங்கிலாந்துக்குக் கிளம்பினாள். மதுரை விமான நிலைய வாசலில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வெரசா போ, லேட்டாகுது” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

நரம்பு வழியாக மருந்து ஏற்றுவதற்கென்றே அங்கே தனி நர்ஸ் உண்டாம். தனிப் பிரிவு, அதற்கென்று படிப்பு, படித்தால் அடுத்த படி. அவள் அந்த வழியில் போய்விட்டாள். ஸ்கேனில் நரம்பைப் பார்த்தபடி நீளக் குழாய் போடக் கற்றுக்கொண்டாள். இங்கே வென்ஃப்ளான் போடுகிறவனே ஸ்ட்ரெச்சரும் தள்ளுகிறான், பல்பு போனால் ஸ்டூலிலும் ஏறுகிறான்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் பேசுவோம். அவளுக்கு அது மதிய இடைவேளை. பேச்சு முழுக்கத் தொழில்தான்.

“அங்க வென்ஃப்ளான மூணு நாளைக்கு ஒருக்கா மாத்துறீங்களா?”

“நாள் கணக்கெல்லாம் இல்லங்க. வலி, வீக்கம், செவப்பு இருந்தா எடுத்துருவோம். நல்லா இருக்குறத எதுக்குப் புடுங்கிட்டுப் புதுசாக் குத்தணும்?”

“மார்புல ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அந்தப் பக்கத்துக் கையில போடலாமா?”

“முடிஞ்ச வரைக்கும் அடுத்த கைதான்.”

பதில் தெரிந்த கேள்விகளைத்தான் பாதி நாள் கேட்டேன். விளக்கிச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிதானம் வரும். அது எனக்கு வேண்டியிருந்தது. தனியாகவா சாப்பிடுகிறாய், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உடைந்துபோவேன் என்று பயம். வார்டில் நரம்பு கிடைக்காத நேரங்களில் அவள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். திரும்பிப் பார்த்து, மருந்து அலமாரியைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொள்வேன்.

அவள் ஒரு வழி சொல்லாமல் இல்லை. “பரீட்சைய அப்புறம் பாத்துக்கலாம். என் விசாவுலயே உங்களக் கூட்டிக்கலாங்க. மொதல்ல வயசானவங்க இல்லத்துல ஒரு கேரர் வேல பாருங்க” என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. “பதினோரு வருஷம் நரம்பு புடிச்சவன், அங்க வந்து டயபர் மாத்தணுமா?”

“மாத்துனா என்ன? இங்க இருந்தப்ப நம்ம மாத்தலையா?”

போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஏழு மாதம் இப்படியே ஓடிற்று.

போன ஜனவரியில் வடகவுஞ்சிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பம். பூண்டுக் காட்டில் தினக்கூலி. ரத்தம் மிகவும் குறைந்திருந்ததால் டாக்டர் இரும்புச் சத்து மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும் மருந்து அது. நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் கறை விழுந்துவிடும். அதனால் ஊசி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

“மண்ணக் கிண்டி மரத்துப் போன கை தம்பி. ஆறுதலா, மெதுவாத் தேடுங்க” என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் ரத்தம் வந்தது, ஆனால் நரம்பு உடைந்து அந்த இடம் வீங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த புது நர்ஸ் வெந்நீர்ப் பையோடு என் பக்கத்திலேயே நின்றாள். “அண்ணா, நான் பாக்கட்டுமா?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், நோயாளிக்குக்கூடக் கேட்டிருக்காது.

“நீ போய் அடுத்த பெட்டுக்கு பி.பி. பாரு” என்றேன்.

மூன்றாவது முறை குத்தினேன். ரத்தம் கொஞ்சம் தெரிந்தது. சலைன் செலுத்திப் பார்த்தபோது லேசாக இறுக்கம் இருந்தது. குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மருந்தை இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, “தம்பி, கை எரியுது” என்றார். ஓடிப்போய் மருந்துக் குழாயை மூடினேன். அதற்குள் முன்னங்கையில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பு ஏறிவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். அந்த அம்மாவிடமும் சொன்னேன், என் தப்பு, இது போகாமலே இருக்கலாம் என்று. டாக்டர் வந்து பார்த்த பிறகு, புது நர்ஸ் மறு கையை வெந்நீர்ப் பையில் வைத்துச் சூடாக்கி, கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் தடவித் தடவித் தேடி, முதல் குத்திலேயே பிடித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அம்மாதான் என்னைப் பார்த்தார். “கறைதானே தம்பி, மொகத்துலயா விழுந்துச்சு? போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மனைவிக்கு லீவு. வீட்டில் இருந்தாள். ஆறு மணிக்கு வழக்கம்போல் ஒரு கேள்வியோடு ஆரம்பித்தேன்.

“இரும்பு கசிஞ்சா அந்தக் கறை எத்தன மாசத்துல போகும்?”

“சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும். சிலருக்குப் போகவே போகாது. ஏங்க, யாருக்கு?”

சொன்னேன்.

“எத்தன தடவ குத்துனீங்க?”

“மூணு.”

“அடுத்த ஆள் இல்லையா?”

“பக்கத்துலயே நின்னா. கேக்கவும் செஞ்சா. நான்தான் விடல.”

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள், “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. “நீ இல்லாம என்னால முடியல புள்ள. சின்னப் பொண்ணுகிட்ட ஊசியக் குடுத்தா தோத்துட்டேன்னு ஆயிரும்னு நெனச்சு, ஒரு அம்மா கையக் கெடுத்துட்டேன். உன்கிட்டயும் இந்த வீம்புதான் புடிச்சேன். உன் விசாவுலயே வர்றேன். கேரர் வேலையோ டயபரோ, எதுன்னாலும் சரி. உன் பக்கத்துல இருந்தாப் போதும்” என்றேன். அவள் போனதிலிருந்து நான் கேள்வி கேட்காமல் பேசியது அன்றைக்குத்தான்.

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். படம் ஆடியது, மாடிப்படி தெரிந்தது. லீவு நாளில் எப்போதும் அடுப்படியிலிருந்துதான் பேசுவாள், அவளுடைய படுக்கையறையை நான் பார்த்ததே இல்லை. துணி அலமாரியைத் திறந்து போனை அதற்கு நேராகப் பிடித்தாள். ஒரு பாதியில் அவள் துணிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. மறு பாதியில் ஏழெட்டு வெறும் ஹேங்கர்கள், ஒன்றில் மட்டும் ஆண்கள் போடும் கறுப்புக் கோட்டு. கடைச் சீட்டு இன்னும் அதன் கையிலேயே தொங்கியது.

“இங்க காத்து ரொம்ப அடிக்கும். நம்மூரு ஸ்வெட்டர் தாங்காதுங்க” என்றாள்.

“இத எப்ப வாங்குன?” என்று கேட்டேன்.

“வந்த மொத மாசம்” என்றாள்.